கார்த்திக்குக்கு வயதாகிறது

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பலரையும் போல நானும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் ஒன்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, அதில் எங்கள் வீட்டார் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரின் 2002-ஆம் ஆண்டுப் பட்டியல் அது. எழுத்துகள் மங்கி, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பல இடங்களில் காணாமற்போயிருந்ததால், ஒவ்வொரு வரியையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டியிருந்தது. தேடிய பெயர்கள் கிடைத்துப் படிவத்தை நிரப்பி முடித்த பிறகும் நான் படிப்பதை நிறுத்தவில்லை.

வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு தலைமுறைகள் இருக்கின்றன. வாக்காளரின் பெயர், அதை அடுத்துத் தந்தையின் பெயர், கடைசியில் வயது. அறுபதைத் தாண்டியவர்களின் வரிகளில் சென்னியப்பன், பழனிச்சாமி, ஆறுமுகம், வேலுச்சாமி என்றிருந்த பெயர்கள், நாற்பது வயதுக்காரர்களின் வரிகளில் தந்தை பெயர்களாக இடம் மாறியிருந்தன. அந்த நாற்பது வயதுக்காரர்களோ சுப்பிரமணியமாகவும் தண்டபாணியாகவும் தமிழ்ச்செல்வனாகவும் இருந்தார்கள். முப்பதுகளில் செந்தில்குமாரும் சரவணனும், ரமேஷும் சுரேஷும். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான வயதுகளுக்கு வந்தால், வீதிக்கு வீதி ஒரு கார்த்திக். அவர்களில் நானும் ஒருவன்: கார்த்திக், தந்தை சுப்பிரமணியம், வயது 19.

பிறகு அதே ஊரின் 2025-ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கார்த்திக்குகள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். வயது மட்டும் நாற்பதைச் சுற்றி ஏறியிருந்தது. இருபத்தைந்துக்குக் கீழே எத்தனை பக்கங்களைப் புரட்டியும் அந்தப் பெயரில் ஒருவரும் அகப்படவில்லை. முதற்பட்டியலில் இளைஞர் பக்கத்தில் கூட்டமாக நின்றிருந்த ஒரு பெயர், தனக்குப் பின்னால் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளாமல், தன் கூட்டத்தோடு நடுவயதுக்கு நடந்து போயிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய எனக்கு இதைப் பார்ப்பது அவ்வளவு இன்பமான காரியமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இதைக் கண்டுபிடிக்க வாக்காளர் பட்டியலைத் துழாவ வேண்டியதில்லை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880-இல் பிறந்தவர்கள் தொடங்கி ஆண்டுவாரியாகப் பெயர்களின் வரிசையையே வெளியிடுகிறது. மைக்கேல் என்ற பெயர் 1954-இலிருந்து 1998 வரை, 1960 என்ற ஓராண்டைத் தவிர, ஆண்குழந்தைப் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது என்று எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். நமக்கு அப்படியொரு வரிசை கையில் இல்லை. பள்ளி வருகைப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை, லாரியின் நெற்றியில் எழுதிய எழுத்து, வாக்காளர் பட்டியல் ஆகியவைதாம் நமக்கு வாய்த்த சான்றுகள். ஆனால் அமெரிக்க வரிசையில் இல்லாத ஒன்று நம் பட்டியலில் இருக்கிறது: மகனின் பெயருக்குப் பக்கத்திலேயே தந்தையின் பெயர் நிற்பதால், ஒரு பெயர் எந்தப் பெயரை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தது என்பதை அது காட்டிவிடுகிறது.

கார்த்திக் நகர்த்திய பெயர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி தெரிகிறது. அவற்றுள் பெரும்பாலானவை முருகன் பெயர்கள். கார்த்திக்கும் முருகன் பெயர்தான். கடவுள் மாறவில்லை. மாறியது வேறொன்று. பழைய முருகன் பெயர்களில் பாதிக்குமேல் முகவரிகள். பழனிச்சாமி என்றால் பழனி. சென்னியப்பன் என்றால் சென்னிமலை. மருதாசலம் என்றால் கோயம்புத்தூருக்கு மேற்கே மருதமலை. தணிகாசலத்தைக் கேட்டதும் திருத்தணியும், சுவாமிநாதனைக் கேட்டதும் சுவாமிமலையும், செந்திலைக் கேட்டதும் திருச்செந்தூரும் நினைவுக்கு வருகின்றன. எந்தக் குன்றின் அடிவாரத்துக் குடும்பம், எந்தக் கோயிலுக்குக் காவடி எடுக்கும் வீடு என்பதைப் பெயரே சொல்லிவிடும். சென்னைக்குப் போய்ச் சென்னியப்பன் என்று சொன்னால், கேட்பவர் ஈரோட்டுப் பக்கமா என்று கேட்பார். கார்த்திக் என்று சொன்னால் அப்படி எதையும் கேட்க முடியாது. அந்தப் பெயருக்கு மலையில்லை, ஊரில்லை. அது விண்மீனிலிருந்து வந்தது.

சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளையும் எடுத்துப் பால் கொடுத்து வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்பதும், அவர்களின் பிள்ளையானதால் முருகன் கார்த்திகேயன் ஆனான் என்பதும் எல்லாரும் அறிந்த கதை. சங்கப் பாடல்கள் அறுமீன் என்று குறிக்கும் அந்த விண்மீன் கூட்டத்தின் வடமொழிப் பெயர் கிருத்திகை. அதிலிருந்து வந்ததுதான் கார்த்திக என்ற சொல். கடைசி அகரத்தை விழுங்கிவிட்டுக் கார்த்திக் என்று மெய்யில் முடிப்பது வடக்கத்திய வழக்கம். தமிழ்நாட்டில் இந்த முடிவு வடக்கிலிருந்து நேரே வந்ததா, கார்த்திகேயனை நறுக்கியபோது தானாகக் கிடைத்ததா என்று கேட்டால், எங்கள் ஊரைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் என்பேன். சாமி கும்பிடும்போது கார்த்திகேயன், பள்ளிக்கூடத்தில் கார்த்திக் என்றுதான் பெரியவர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

நறுக்கிய இடம்தான் சிக்கலானது. தமிழ்ச் சொல்லுக்கு ஈறாக வரக்கூடியவை என்று நன்னூல் 24 எழுத்துகளைக் கணக்கிட்டுக் கூறுகிறது. அவற்றில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. கார்த்தி வரை நல்ல தமிழ் ஓசையாக வந்து, கடைசியில் 'க்' என்று முட்டி நிற்கிற பெயரைத் தமிழ் நாக்கு அப்படியே விட்டுவைக்காது. எனவே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நான் கார்த்தி. மீதிப் பேருக்குக் கார்த்திக்கு. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி 'க்' என்று நிறுத்தி என்னை அழைத்தவர்கள் ஆசிரியர்களும், பிற்காலத்தில் அலுவலகத்தில் இருந்தவர்களும் மட்டுமே.

ஆறாம் வகுப்பில் வேற்றுமை உருபு நடத்திய தமிழாசிரியர், அவரவர் பெயரோடு உருபுகளைச் சேர்த்துச் சொல்லச் சொன்னார். முருகனை, முருகனால், முருகனுக்கு என்று பக்கத்திலிருந்தவன் தடையில்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நான் கார்த்திக்கை என்றதும் வகுப்பு சிரித்தது, மாதப் பெயர் போலக் கேட்டதால். நான்காம் வேற்றுமைக்கு வந்தபோது நின்றுவிட்டேன். கார்த்திக்குக்கு என்பதா, கார்த்திக்கிற்கு என்பதா? கார்த்திக்கு என்று சொன்னால் அது கார்த்தி என்பவனுக்கு என்றாகிவிடும். போதாக்குறைக்கு என் அப்பத்தா என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். ஆசிரியர் சற்று யோசித்துவிட்டு, இது உங்கள் அப்பா செய்த பிழை, நான் திருத்த முடியாது என்றார். இன்றுவரை அலுவலகக் கடிதங்களில் கார்த்திக் அவர்களுக்கு என்று எழுதித்தான் நான் தப்பித்து வருகிறேன்.

அப்பா செய்தது பிழை என்று ஊரில் வேறொரு காரணத்துக்காகவும் பேசியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாரு பெயரை வைப்பதுதான் முறை. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே பெயரன், பேரன் ஆனான். என் அப்பாருவின் பெயர் பழனிச்சாமி. ஆகவே நான் பழனிச்சாமியாக இருந்திருக்க வேண்டியவன். அந்த முறைக்கு உள்ளேயே ஓர் இடைஞ்சல் இருந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்துவிட்டால் தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, கோபம் வந்தால் திட்டவும் முடியாது. அதனால் ஒவ்வொரு பேரனுக்கும் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இருந்தன. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் என் அம்மா வாய் திறக்க மாட்டார். என் முதுகில் கையை வைத்து, "நீ சொல்லு சாமி" என்று முன்னே தள்ளுவார். பழனிச்சாமி என்று நான்தான் உரக்கச் சொல்வேன்.

நான் பிறந்தபோது அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கார்த்திக்கும் பழனியாண்டவர்தான் என்று அப்பத்தாவிடம் சொன்னார். அப்பத்தா அதை நம்பினாரோ இல்லையோ, சாமி பெயர் விட்டுப்போகவில்லை என்பதால் சம்மதித்துவிட்டார். அம்மாவுக்கு அது இரட்டை நிம்மதி: பிள்ளையின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லலாம், அந்தப் பெயர் பட்டணத்துப் பெயர் போலவும் இருந்தது. அப்பாரு மட்டும் சில ஆண்டுகள் என்னைப் பெயர் சொல்லாமல் "இந்தாப்பா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அவருடைய வருத்தம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தன் பெயர் தன் காலத்தோடு முடிகிறது என்பதை ஒரு குழந்தையின் பெயரிலிருந்து தெரிந்துகொள்வது எளிதான செய்தியல்ல.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நான் பிறந்தது கார்த்திகை நட்சத்திரம். பஞ்சாங்கப்படி அந்த நட்சத்திரத்துக்கு உரிய பெயரெழுத்துகள் அ, இ, உ, எ. 'கா'வில் தொடங்க வேண்டியவர்கள் மிருகசீரிடக்காரர்கள். அதாவது கார்த்திகையில் பிறந்தவனுக்குக் கார்த்திக் என்று பெயர் வைக்கப் பஞ்சாங்கம் இடம் தரவில்லை. இதை எடுத்துச் சொன்ன ஜோசியரிடம் அப்பா, நட்சத்திரத்தின் பெயரையே வைத்திருக்கிறேன், அதற்கு மேல் எழுத்து எதற்கு என்று கேட்டாராம்.

1982-இல் பிறந்ததால், என் பெயரைக் கேட்கிற என் வயதுக்காரர்கள் பலரும், சினிமா பார்த்து வைத்த பெயர்தானே என்பார்கள். நடிகர் முத்துராமனின் மகன் முரளியை 1981-இல் பாரதிராஜா திரைக்குக் கொண்டுவந்தபோது கார்த்திக் என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டே நான் பிறந்தேன் என்பதால் இந்த ஊகம் இயல்பானதுதான். அந்த நடிகர் புகழ்பெற்ற எண்பதுகளில் இந்தப் பெயர் பெருகியது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் காலவரிசை இந்த ஊகத்துக்கு முழுவதும் துணை வரவில்லை. இளையராஜாவின் மகன் கார்த்திக் ராஜா பிறந்தது 1973. சென்னையில் பிறந்த கிரிக்கெட் வீரர் முரளி கார்த்திக் 1976. கோயம்புத்தூரைச் சேர்ந்த கார்ப்பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் 1977-இன் பொங்கல் நாளில் பிறந்தவர். அதே ஆண்டில் சிவகுமாரின் இளைய மகன் கார்த்தி. இவர்களில் எவருக்கும் 1981-இன் திரைப்படத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க முடியாது.

எனவே அந்த நடிகர் இந்தப் பெயரை உண்டாக்கவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெயர் ஒரு நடிகரையும் ஏற்றிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். முரளி என்ற பெயரை நீக்கிவிட்டுக் கார்த்திக் என்று வைக்க ஓர் இயக்குநருக்குத் தோன்றியிருக்கிறது என்றால், இருபது வயதுக் காதலன் ஒருவனுக்கு அந்தப் பெயர் புதிதாகவும் பொருத்தமாகவும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். சினிமாவால்தான் பெயர்கள் பரவுகின்றன என்று சொல்லிவிடுவது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சினிமாக்காரர்களும் நம்மைப் போலப் பத்திரிகை படித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, காதுக்குப் புதிதாக இருப்பதைப் பொறுக்கிக்கொள்பவர்கள்தாம்.

எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் வந்த வழி எனக்குத் தெரியும். எங்கள் வீதியில் எனக்கு ஐந்து வயது மூத்தவராக ஒரு கார்த்திக் இருந்தார். அவருடைய அப்பா தறிக்காரர். சென்னிமலைப் போர்வைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வாரந்தோறும் ஈரோட்டுச் சந்தைக்குப் போய் வருவார். அங்கே ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் பேரனைக் கார்த்திக் என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு வந்து, தன் மகனுக்கும் அதையே வைத்தார். ஊரின் முதல் கார்த்திக் அவர். என் அப்பா சினிமாவிலிருந்து எடுக்கவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த தறிக்காரர் வீட்டிலிருந்து எடுத்தார். அதன் பிறகு அவர் பெரிய கார்த்தி, நான் சின்னக் கார்த்தி. பெரிய கார்த்தியின் அப்பாவுக்கும் பழனிச்சாமி என்றுதான் பெயர்.

அந்தக் காலத்தில் பெயர் மாற்றம் என்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1916-இல் வேதாசலம் மறைமலையடிகள் ஆன நாளிலிருந்து, நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் ஆன காலம் வரை, பெயர் என்பது கொள்கையை அறிவிக்கும் இடமாகவே இருந்தது. 2002 பட்டியலில் நாற்பதுகளில் நின்ற தமிழ்ச்செல்வன்களும் இளங்கோவன்களும் அந்த அறிவிப்பின் பிள்ளைகள். அதற்குப் பிறகு வந்த ரமேஷ், சுரேஷ், மகேஷ் வரிசை எதையும் அறிவிக்கவில்லை. ஒரு மேடைப் பேச்சும் அவர்களுக்காக நடக்கவில்லை. எவரும் ஊர் ஊராகப் போய் 'ஷ்' வையுங்கள் என்று பிரசாரம் செய்யவுமில்லை. ஆனாலும் அந்த 'ஷ்' ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. கார்த்திக் இந்த இரண்டு வகையிலும் முழுதாகச் சேராத பெயர். கொள்கைப் பெயரும் அன்று, முற்றிலும் அந்நியமான ஓசையும் அன்று. கோயிலிலும் ஒட்டும், கல்லூரியிலும் ஒட்டும். பழனியை விடாமலே பட்டணம் போகலாம் என்பது அது தந்த வசதி.

இன்னொரு வசதியையும் சொல்லியாக வேண்டும். என் அப்பாருவின் காலத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில், சாமி என்று முடியும் பெயரை எல்லாரும் வைத்துக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் விட்டதில்லை. சேரியில் பிறந்த குழந்தைக்குப் பழனிச்சாமி என்று பெயர் வைத்தாலும் ஊருக்குள் அது பழனியனாகிவிடும். கூலிக்கணக்கு எழுதுகிறவர் 'சாமி'யைச் சேர்த்து எழுத மாட்டார். ஒரே கடவுளின் பெயர், ஆளுக்கேற்ப நீண்டும் குறுகியும் வழங்கியது. கார்த்திக்கில் குறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நான் தங்கிப் படித்த கல்லூரி விடுதியில் எங்கள் தளத்தில் மட்டும் நான்கு கார்த்திக்குகள் இருந்தோம். ஓர் அக்கிரகாரத்துப் பையன், காட்டுவேலைக் குடும்பத்துப் பையனான நான், மற்ற இருவர் சேரியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தலைப்பெழுத்தைத் தவிர எங்களைப் பிரிக்கப் பெயரில் ஒன்றுமில்லை. சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை. எங்களை விசாரிக்க விரும்பியவர்கள் ஊரையும் அப்பா பெயரையும் கேட்டு விசாரித்தார்கள். ஆனால் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்கும்படி அவர்களைச் செய்ததே அந்தப் பெயரின் சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர் உச்சத்தில் இருந்த காலத்தின் தடயங்கள் இன்னும் வீதிகளில் இருக்கின்றன. தொண்ணூறுகளில் லாரி வாங்கியவர்கள் அதன் நெற்றியில் பிள்ளைகளின் பெயர்களை எழுதினார்கள். கார்த்திக் பிரியா, கார்த்திக் கவிதா என்று ஒரு மகனும் ஒரு மகளுமாக. பனியன் கம்பெனி, மளிகைக் கடை, மருந்துக் கடை, விசைத்தறிக் கூடம் என்று அந்தத் தலைமுறை அப்பாக்கள் தொடங்கிய தொழில்களின் பலகையிலும் அதே பெயர்தான். என் கைப்பேசியில் பெயிண்டர் கார்த்திக், எல்.ஐ.சி. கார்த்திக், விடுதிக் கார்த்திக், பழைய ஆபீஸ் கார்த்திக், கல்யாண மண்டபம் கார்த்திக் ஆகியோர் இருக்கிறார்கள். என்னைத் தம் கைப்பேசிகளில் அவர்கள் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டதில்லை, கேட்க விரும்பவுமில்லை.

பெயர் மலிந்ததும் அதைத் தனித்துக் காட்டும் முயற்சிகள் தொடங்கின. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'கே' மட்டும் போடுவதா, அதற்கு முன் ஒரு 'சி'யும் சேர்ப்பதா என்பதில் எண்கணித ஜோசியர்கள் நல்ல வருமானம் பார்த்தார்கள். ஒரே வகுப்பில் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கார்த்திக்குகள் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். நடுவில் வரும் 'எச்' வேறு கதை. 'த'வையும் 'ட'வையும் பிரித்துக் காட்டத் தெற்கே நாம் அதைச் சேர்க்கிறோம். வடக்கே அதைக் கண்டால் மூச்சை விட்டு அழுத்தி உச்சரிக்கிறார்கள். புனேயில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் என் பெயர் எனக்கே அடையாளம் தெரியாத ஓர் ஓசையாக இருந்தது. குவாலியரில் 1990-இல் பிறந்த இந்தி நடிகர் கார்த்திக் ஆர்யனுடைய பெயரில் அந்த 'எச்' இல்லை. எங்கள் தினேஷ் கார்த்திக்கின் பெயரில் உண்டு.

இறக்கம் எப்போது தொடங்கியது என்று ஓர் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அது தொடங்கிய பிறகும் வெளியில் தெரியாமல் இருந்தது என்பது உறுதி. 2000-லும் 2010-லும் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற இரண்டு காதல் படங்களின் நாயகர்களுக்கும் கார்த்திக் என்றே பெயர். திரையரங்கில் அதைப் பார்த்து, நம் பெயருக்கு இன்னும் மவுசு இருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அந்த நாயகர்களும் எங்கள் வயதுக்காரர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனுக்கு இயல்பான பெயர் எது என்று பார்த்து எழுதினால், கார்த்திக் என்றுதான் எழுத வேண்டியிருந்திருக்கும். அதே ஆண்டுகளில் மகப்பேறு மருத்துவமனைகளில் அந்தப் பெயரை எவரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்குப் பின்வந்த பிள்ளைகள் ஹரிஷாகவும் சூர்யாவாகவும் ஆகிவிட்டிருந்தார்கள்.

ஒரு பெயரை விரும்பாமற்போவதால் அது மறைகிறது என்று நான் நினைப்பதில்லை. எவருக்கும் கார்த்திக்கின் மீது வெறுப்பில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு கார்த்திக்கைத் தெரியும், அவ்வளவுதான். தம்பி கார்த்திக்காக இருக்கிறான், மச்சான் கார்த்திக்காக இருக்கிறான், மேலாளர் கார்த்திக்காக இருக்கிறார். குழந்தையின் பெயர் எவரையும் நினைவுபடுத்தக் கூடாது என்று நினைக்கிற பெற்றோருக்கு அதைவிடப் பெரிய தடை வேறில்லை. தாத்தாவை நினைவுபடுத்துவதற்காகவே பெயர் வைத்த ஊரில், எவரையும் நினைவுபடுத்தாத பெயரைத் தேடத் தொடங்கியதுதான் இந்தத் தலைகீழ் மாற்றம். அதை முதலில் செய்தவர்கள் எங்கள் அப்பாக்கள். கார்த்திக் வந்த வாசல் வழியாகவே கார்த்திக் வெளியேறியது.

எனக்கு மகன் பிறந்தபோது நானும் என் மனைவியும் மூன்று வாரம் கைப்பேசிச் செயலிகளில் பெயர் தேடினோம். ஆரவ் என்ற பெயரை எல்லாச் செயலிகளும் முன்னால் காட்டின. 2002-இல் பிறந்த தம் மகனுக்கு நடிகர் அக்ஷய் குமார் தம்பதியர் வைத்த பிறகு நாடெங்கும் பரவிய பெயர் அது. அமைதி என்று பொருள் என அந்தச் செயலிகள் போட்டிருந்தன. வடமொழியில் ஆரவ என்றால் கூச்சல், பேரொலி. தமிழ் அகராதியிலும் ஆரவம் என்றால் ஒலிதான். எங்கள் வீட்டில் அப்போது நிலவிய சூழலுக்கு அகராதிப் பொருளே பொருத்தமாக இருந்தது என்றாலும் அந்தப் பெயரை விட்டுவிட்டோம். மகம் நட்சத்திரம் என்பதால் 'ம'வில் தேடி, எவருக்கும் இல்லாத பெயர் என்று நம்பி, மகிழன் என்று வைத்தோம். மகிழனுக்கு வேற்றுமை உருபுகள் எல்லாம் சிக்கலில்லாமல் சேரும் என்ற கணக்கும் என் மனத்தில் இருந்தது. யு.கே.ஜி. வகுப்பில் சேர்த்த அன்று, அவனோடு சேர்த்து இரண்டு மகிழன்கள் இருந்தார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்பாக்களில் ஐந்து பேர் கார்த்திக்.

என் அப்பத்தா இருந்திருந்தால், முருகன் பெயர் விட்டுப்போயிற்றே என்று கேட்டிருப்பார். விட்டுப்போகாத வீடுகளும் உண்டு. நடிகர் சிவகுமாரின் இயற்பெயர் பழனிச்சாமி, கோவை மாவட்டத்துக்காரர். அவர் மூத்த மகனுக்கு வைத்த பெயர் சரவணன். திரையில்தான் அவர் சூர்யா. இளையவர் கார்த்தி. அந்தக் கார்த்தி தம் மகனுக்கு வைத்திருக்கும் பெயர் கந்தன். பழனிச்சாமி, கார்த்தி, கந்தன் என்று மூன்று தலைமுறையையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தால், நடுவில் உள்ள பெயரே பழையதாகவும் கடைசியில் உள்ளதே புதியதாகவும் ஒலிப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. என் பள்ளிக் காலத்தில் கந்தன் என்றால் பெரியவர்களின் பெயர். அந்தப் பெரியவர்கள் போன பிறகு, பெயர் மட்டும் இளமையாகத் திரும்பி வந்திருக்கிறது. கார்த்திக்கும் அப்படித் திரும்பி வரலாம். அதற்கு நாங்கள் எல்லாரும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்த அவசரம் எனக்கில்லை.

2025 பட்டியலின் இளைஞர் வரிகளை மறுபடி ஒருமுறை மெதுவாகப் படித்தேன், இந்த முறை வாக்காளர் பெயர்களை விட்டுவிட்டுத் தந்தை பெயர்களை மட்டும். செந்தில்குமார், சரவணன், ரமேஷ், மறுபடி செந்தில்குமார் என்று வந்துகொண்டிருந்த வரிசையில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் பெயருக்கு அடுத்து, தந்தை பெயர் கார்த்திக் என்றிருந்தது. கதவு எண்ணைப் பார்த்தேன். எங்கள் வீதி, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பழைய பட்டியலைத் திறந்து அதே எண்ணைத் தேடினேன். புள்ளிகள் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: கார்த்திக், தந்தை பழனிச்சாமி, வயது 24. பெரிய கார்த்தியை உடனே கைப்பேசியில் கூப்பிட்டு, உங்கள் மகளுக்கு ஓட்டு வந்துவிட்டதா அண்ணா என்று கேட்டேன். ஆமாம் சாமி, நமக்கெல்லாம் வயசாயிருச்சு என்றார்.